ஊதாக் குழாய்

கணித உதவி மையத்தின் ஜன்னல்
புல்வெளியைப் பார்த்தபடி இருக்கிறது.
அல்லது புல்வெளி எங்களைப் பார்த்தபடி.
யாருக்கு யார் வேடிக்கை என்பதில்
ஷார்ஜாவில் எப்போதும் ஒரு குழப்பம்.

நான்காம் மேசை என்னுடையது.
மணிக்கு முப்பது திர்ஹாம்.
கழுத்து அட்டையில் என் பெயர்
'எழிற்செ'வோடு நின்றுவிடும்.
அதற்குமேல் எழுத்துக்கு இடமில்லையாம்.
மிச்சம் எங்கே என்று
ஒருவரும் கேட்டதில்லை, அஃப்ராவைத் தவிர.

அவள் ஃபுஜைராவிலிருந்து மலை கடந்து வருகிறவள்.
செவ்வாய் மூன்று மணி,
புள்ளியியல், இருபத்தைந்து நிமிடம்.
முதல் நாளே கேட்டாள்:
நூற்றுக்கு ஐந்து தப்பலாம் என்று
யார் முடிவு செய்தது?
ஏன் நான்கில்லை, ஏன் ஏழில்லை?
வழக்கம், என்றேன்.
வழக்கம் எப்படிக் கணக்காகும், என்றாள்.
தெரியவில்லை.
'ஐயம் தீர்ந்தது' என்ற கட்டத்தில்
டிக் போட்டுவிட்டு இருவரும் சிரித்தோம்.

அவளுடைய ஆய்வுத் தலைப்பு:
இந்தப் புல் எவ்வளவு குடிக்கிறது?
முப்பது நாள், ஒரு அளவுமானி.
பம்ப் அறைச் சாவி முர்ஷிதுலிடம்.
நோவாகாளிக்காரர், அதிகம் பேசமாட்டார்.
பதினோரு நிமிடம், நாளைக்கு நாலு,
மே வந்தால் ஆறு என்று
விரல்களாலேயே சொல்லிவிட்டு
தரையிலிருந்த மூடியைத் தூக்கினார்.

கீழே
கத்தரிப்பூ நிறத்தில் குழாய்கள்.
ஊதா என்றால் குடிக்கக் கூடாது.
எங்கிருந்து வருகிறது இது?
அவர் திரும்பாமலே
கட்டைவிரலால் எங்கள் விடுதியைக் காட்டினார்.

ஓ.

அப்படியானால் என் குளியல்.
குக்கர் கழுவியது, மருதாணி கழுவியது,
ரமலான் விடியலில்
பக்கத்து அறைப் பெண்கள் ஒளு செய்தது.
இடைத்தேர்வு முடிவு வந்த இரவில்
மூன்றாம் மாடி முழுக்க
குழாய்கள் திறந்தே கிடந்தனவே,
உள்ளே அழுவது வெளியே கேட்காமலிருக்க,
அந்தத் தண்ணீரும்.

அதன்பின் வரப்போரமாகத்தான் நடக்கிறேன்.
மரியாதையா அருவருப்பா
இன்னும் தீர்மானிக்கவில்லை.

லாரியில் பாய்போல் சுருண்டு வந்த புல் இது.
நூலகத்தின் இரண்டாம் மாடியில்,
யாரும் எடுக்காத மண்ணியல் புத்தகங்களின் வரிசையில் நின்றால்
துண்டுக்குத் துண்டு தையல் தெரியும்.
அங்கே நின்றுதான் கைபேசியில் பார்த்தேன்,
என் பெயருக்கு எதிரே சிவப்புக் கொடி:
கட்டணம் பாக்கி, அடுத்த பருவப் பதிவு நிறுத்தம்.
அப்பாவுக்கு சஜ்ஜாவில் மூன்று மாதச் சம்பளம் வரவில்லை.
பாடம் சொல்லிக்கொடுக்க மட்டும் தடையில்லை;
மேசை நான்கு, வழக்கம்போல்.

புல்லின் ஒரு வாரத் தண்ணீர்ச் செலவு
என் ஒரு பாடத்தின் கட்டணம்.
இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டேன்.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
அஃப்ராவிடம் சொல்லவில்லை.
சொன்னால் அவள் அதை முடிவுரையில் எழுதிவிடுவாள்,
எழுதினால் அது சரியாகவும் இருக்கும்.

டிசம்பர். ஐந்து மணி.
நூலகத்தின் நிழல் புல்வெளியைத் தாண்டி
வாகன நிறுத்தம் வரை நீண்டிருந்தது.
தாள்களை விரித்து உட்கார்ந்தோம்.
ஒரு பூனை வந்து சராசரியின்மேல் படுத்தது.
பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது.

நேர அட்டவணை மாறியதை
முர்ஷிதுல் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஸ்ஸ் என்றது தரை.
அபாயாவைத் தூக்கிப் பிடித்து
அவள் அலறிக்கொண்டு ஓடினாள்.
பூனை அவளுக்கு முன்னால்.
எனக்கென்னவோ எழத் தோன்றவில்லை.
முகத்தில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன்.
பழக்கப்பட்ட தண்ணீர்தான்.

பதினோரு நிமிடம் கழித்து
சிமெண்ட் பெஞ்சில் தாள்களை உலர்த்தினோம்.
பத்தொன்பதாம் நாள் முழுக்கக் கரைந்திருந்தது.
இந்த இடத்தில் என்ன எழுதட்டும், என்றாள்.

விடுபட்ட மதிப்பு என்று எழுது.

காரணம் கேட்பார்களே?

ஈரம்.

எழுதினாள்.
என் அட்டையைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள்.